இயக்க எண் 0.7-ஆ, 0.035-ஆ? கரிம டிரான்சிஸ்டரை அளப்பது பற்றி ஒரு பதில்

தண்டையார்பேட்டையில் இருந்து முதுகலை இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது. எண்ணூர்ப் பகுதிக்கு உதவும்படி அம்மோனியா உணரி ஒன்றைத் திட்டப்பணியாகச் செய்கிறார். 300 நானோமீட்டர் ஆக்சைடு படிந்த சிலிக்கான் வில்லை, அதன்மேல் தங்க மின்முனைகள், அவற்றின்மேல் பி3எச்டி என்ற பாலிமர்ப் படலம். சோர்ஸ் என்ற மின்முனையிலிருந்து டிரெயின் என்ற மின்முனைக்கு மின்னோட்டம் போகும் பாதையான சேனலின் நீளம் 50 மைக்ரோமீட்டர், அகலம் 1000; அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை கேட். டிரெயினில் −60 வோல்ட் வைத்து, கேட்டை −40 வோல்ட் வரை கொண்டுபோனபோது மின்னோட்டம் 11 மைக்ரோ ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே நேர்கோடு கிடைக்கவில்லை. −5 முதல் −10 வோல்ட் வரை கோடு செங்குத்தாக ஏறி, அங்கே ஒடிந்து, பிறகு மெதுவாக ஏறுகிறது. முதல் பகுதியின் சாய்விலிருந்து இயக்க எண், அதாவது மின்துகள்கள் பொருளுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்று சொல்லும் எண் (mobility), 0.7 வருகிறது, இரண்டாம் பகுதியிலிருந்து 0.035. எதை எழுதுவது? அம்மோனியா பட்டதும் மின்னோட்டம் குறைகிறதே, இயக்க எண் குறைந்தது என்று சொல்லலாமா? ஹால் விளைவை (காந்தப்புலத்தில் மின்துகள்கள் பக்கவாட்டில் விலகுவதால் எழும் மின்னழுத்தம்) அளந்தே ஆக வேண்டுமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. 0.7 என்று எழுதாதீர்கள். 0.035 என்பதையும் சில சோதனைகளுக்குப் பிறகே எழுதுங்கள்.

உங்கள் கருவி அளந்தது மின்னோட்டத்தை மட்டும்தான். இயக்க எண்ணை அது அளக்கவில்லை; நாம்தான் ஒரு சூத்திரத்தின் வழியாக அதை வருவிக்கிறோம். தெவிட்டு நிலையில், அதாவது டிரெயின் மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் மின்னோட்டம் மேலும் ஏறாத நிலையில், மின்னோட்டம் என்பது அகலத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்து, அதை இயக்க எண்ணாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்தேக்குத்திறனாலும், கேட் மின்னழுத்தம் தொடக்க மின்னழுத்தத்தை (சேனல் திறக்கத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) தாண்டிய அளவின் வர்க்கத்தாலும் பெருக்கினால் வருவது. இது சிலிக்கானுக்காக எழுதப்பட்ட சூத்திரம். மின்துகள்கள் சோர்ஸிலிருந்து தடையின்றிச் சேனலுக்குள் நுழைகின்றன, இயக்க எண் எல்லா மின்னழுத்தத்திலும் ஒன்றுதான், தொடக்க மின்னழுத்தம் அளக்கும்போதே நகர்வதில்லை என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. கரிமப் பொருளில் இந்த மூன்று நம்பிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலை வாரும்.

பி3எச்டி படலத்துக்குள் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்; நேர்மின்துகள்போல் நகர்பவை) சிலிக்கானில் போவதுபோல் போவதில்லை. படலத்தின் சில இடங்களில் பாலிமர்ச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், சில இடங்களில் சிக்கலாகக் கிடக்கும். துளை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பத்தின் உந்துதலில் தாவிப் போகிறது. நடுவில் பொறிகளில் (துளையைப் பிடித்துவைக்கும் குறைபாட்டு இடங்கள்) சிக்கி, விடுபட்டு, மறுபடி நகர்கிறது. அதனால் பொதுவாகக் குளிர்வித்தால் இயக்க எண் குறையும். கேட் மின்னழுத்தத்தைக் கூட்டினால், வந்து சேரும் துளைகள் பொறிகளை நிரப்புவதால், மீதியுள்ளவை சற்று விரைவாக ஓடும். 1986-இல் ஜப்பானில் பாலித்தயோஃபீனைக் கொண்டு முதல் பாலிமர் டிரான்சிஸ்டர் செய்தபோது இயக்க எண் ஏறத்தாழ 0.00001 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடிதான் இருந்தது. இன்று நன்றாகச் செய்த பி3எச்டி படலத்தில் 0.01 முதல் 0.1 வரை கிடைக்கும். பென்டசீன் படலம் 1-ஐத் தொடும், ரூப்ரீன் ஒற்றைப் படிகம் 10-ஐத் தாண்டும். படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு 1400. உங்களுடைய 0.7 இந்த வரிசையில் பி3எச்டி உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. அது பொய் என்பதற்கு இது மட்டும் சான்றாகாது, ஆனால் சந்தேகப்பட இதுவே போதும்.

சான்று உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 300 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடின் மின்தேக்குத்திறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 11.5 நானோஃபாரட். அகலம்–நீள விகிதம் 20. இயக்க எண் உண்மையாகவே 0.7 என்றும், தொடக்க மின்னழுத்தம் பூச்சியத்தில் என்றும் வைத்துக்கொண்டால், −40 வோல்ட்டில் உங்களுக்கு 129 மைக்ரோ ஆம்பியர் வந்திருக்க வேண்டும். வந்தது 11. அந்த 11-ஐ உண்டாக்க 0.06 இயக்க எண்ணே போதும். 0.06-ஐ 0.7-ஆல் வகுத்தால் சுமார் 9 சதவீதம். 2018-இல் இத்துறையில் முன்னணியில் இருக்கும் சிலர் சேர்ந்து முன்வைத்த நம்பக அளவு என்பது அடிப்படையில் இந்தக் கணக்குத்தான்: நீங்கள் சொல்லும் இயக்க எண் உண்மையானால் வர வேண்டிய மின்னோட்டத்தில் எத்தனை பங்கை உங்கள் டிரான்சிஸ்டர் உண்மையில் தந்தது? சிலிக்கானைப் போல ஒழுங்காக நடந்துகொள்ளும் டிரான்சிஸ்டரில் இது 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 9 சதவீதத்தை வைத்துக்கொண்டு 0.7 என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

அந்தச் செங்குத்துச் சாய்வு எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள நம் எண்ணூர் விரைவுச் சாலையையே எடுத்துக்கொள்ளலாம். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உள்ளே சாலை காலியாக இருக்கலாம், லாரிகள் நல்ல வேகத்தில் ஓடலாம். ஆனால் மணிக்கு எத்தனை லாரி மறுமுனைக்கு வருகிறது என்பதை முடிவு செய்வது வாசல்தான். திடீரென்று வாசலில் இன்னும் நான்கு வழிகளைத் திறந்துவிட்டால் மறுமுனையில் எண்ணிக்கை சட்டென்று ஏறும். மறுமுனையில் நின்று எண்ணுகிறவர், வாசலைப் பற்றி எதுவும் தெரியாமல், "லாரிகளின் வேகம் பத்து மடங்கு ஆகிவிட்டது" என்று எழுதிக்கொள்வார். லாரிகள் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். (இங்கே வாசல் என்று நான் சொல்வது சோர்ஸ் மின்முனை பாலிமரைத் தொடும் இடம். டிரான்சிஸ்டரின் கேட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தங்கத்துக்கும் பி3எச்டிக்கும் நடுவே துளைகள் ஏறிக் கடக்க வேண்டிய ஓர் ஆற்றல் தடை இருக்கிறது. அதனால் ஏற்படும் தொடுமுனை மின்தடை நிலையானது அல்ல. கேட் மின்னழுத்தம் கூடக் கூட அது வேகமாகச் சரியும். அது சரியும் பகுதியில் மின்னோட்டம் ஏறுவதற்குச் சேனலும் காரணம், தொடுமுனை திறந்துகொள்வதும் காரணம். சூத்திரத்துக்கோ தொடுமுனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஏற்றம் முழுவதையும் இயக்க எண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறது. இப்படி இயக்க எண் 10 மடங்கும் அதற்கு மேலும் பெருத்துக் காட்டும் என்பது 2016-இல் விரிவாக எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் வெளியான பெரிய பெரிய எண்களில் எத்தனை இந்த ஒடிந்த கோட்டின் முதல் பாதியிலிருந்து வந்தவை என்று யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றவில்லை. பாடப்புத்தகச் சூத்திரத்தை, அது பொருந்தாத இடத்தில் நேர்மையாகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது இரண்டாம் கோட்டுக்கு வாருங்கள், சுவாரசியமே இங்கேதான். அதை நீட்டிக்கொண்டு போனால் கிடைமட்ட அச்சை +12.5 வோல்ட்டில் வெட்டும். அதாவது அந்தக் கோட்டை நம்பினால், கேட்டில் பூச்சியம் வோல்ட் இருக்கும்போதே சேனலில் துளைகள் தயாராக இருக்கின்றன. காற்றில் வைத்துச் செய்த பி3எச்டியில் இது நடக்கக்கூடியதே. ஆக்சிஜன் அதை மாசூட்டி, கேட்காமலேயே துளைகளைத் தரும். ஆனால் உங்கள் டிரான்சிஸ்டர் −5 வோல்ட் வரை வாயே திறக்கவில்லை. சேனல் தயாராக இருந்தும் மின்னோட்டம் வரவில்லை என்றால் தடுத்தது தொடுமுனை.

இதை உறுதிசெய்யப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. டிரெயினில் −1 வோல்ட் மட்டும் வைத்து எடுத்த வளைகோடு உங்களிடம் இருக்கும். இயக்க எண் 0.035, தொடக்கம் +12.5 வோல்ட் என்றால், கேட் −40-இல் சேனலின் மின்தடை சுமார் 2.4 மெகா ஓம், கேட் −5-இல் சுமார் 7 மெகா ஓம். எனவே −5-இல், டிரெயினில் ஒரு வோல்ட்டுக்கு 0.14 மைக்ரோ ஆம்பியர் வர வேண்டும். அங்கே உங்களுக்குச் சில நானோ ஆம்பியர்தான் இருக்கிறது என்றால், மீதி மின்தடை அத்தனையும் தொடுமுனையில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. டிரெயின் மின்னழுத்தத்தைப் பூச்சியத்திலிருந்து கூட்டும்போது மின்னோட்டம் நேர்கோடாகக் கிளம்பாமல், கொஞ்சம் தயங்கி, பிறகு வளைந்து ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தயக்கம் தொடுமுனையின் கையெழுத்து.

முறையான சோதனை என்று கேட்டால், நீளங்களை மாற்றிப் பார்ப்பதுதான் கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியது. ஒரே வில்லையில், ஒரே படலத்தில், 20 மைக்ரோமீட்டர் முதல் 100 வரை நான்கைந்து சேனல் நீளங்கள் வையுங்கள். சிறிய டிரெயின் மின்னழுத்தத்தில் ஒவ்வொன்றின் மொத்த மின்தடையையும் எடுத்து, நீளத்துக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால், நீளம் பூச்சியமாகும் இடத்தில் கோடு காட்டும் மின்தடை தொடுமுனைகளுடையது. ஏனெனில் அங்கே சேனலே இல்லை. கோட்டின் சாய்வு சேனலுடையது. கேட்டை மாற்றி மாற்றி இப்படிப் பல கோடுகள் வரைந்து, அந்தச் சாய்வுகள் கேட் மின்னழுத்தத்தோடு எப்படி மாறுகின்றன என்று பார்த்தால், தொடுமுனையின் கலப்பு இல்லாத இயக்க எண் கிடைக்கும். புள்ளிகள் சிதறினால் படலம் சீராக இல்லை என்று பொருள். சிதறிய புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டு, வெட்டும் புள்ளியை மூன்று தசமத்தில் எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள்.

மின்முனைகளின் வடிவத்தைத் தரும் முகமூடித் தகட்டைப் புதிதாக வெட்டச் சொல்லும் வாய்ப்பு இருந்தால், சேனலுக்கு நடுவே மெல்லிய இரண்டு மின்முனைகளைச் சேர்த்து நான்கு முனை அளவீடாகவே செய்துவிடுங்கள். மின்னோட்டம் வெளி இரண்டின் வழியே போகும், மின்னழுத்தத்தை உள் இரண்டில் படிப்பீர்கள். படிக்கும் முனைகளில் மின்னோட்டம் ஓடாததால் தொடுமுனை கணக்குக்கே வராது. படிக்கும் வோல்ட்மீட்டரின் உள்தடை மட்டும் உங்கள் சேனலைவிட மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். 10 மெகா ஓம் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து 2.4 மெகா ஓம் சேனலில் வைத்தால் அளவீடு அங்கேயே கெட்டுப்போகும்.

சில சில்லறைக் குற்றவாளிகளும் உண்டு. படலத்தை வில்லை முழுவதும் சுழற்றிப் பூசிவிட்டு அப்படியே அளந்தால், சேனலுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகும் மின்னோட்டமும் சேர்ந்துவிடும், அகலத்தை நீங்கள் 1000 என்றுதான் போடுவீர்கள். டிரான்சிஸ்டரைச் சுற்றிப் படலத்தை ஊசியால் கீறி வெட்டிவிடுங்கள். கேட் கசிவும் அதோடு குறையும். மின்தேக்குத்திறனைப் புத்தகத்திலிருந்து எடுப்பது சிலிக்கான் ஆக்சைடுக்குச் சரி. பாலிமர் மின்காப்பான்களுக்கோ அயனிக் கூழ்களுக்கோ அது ஆகாது. அவற்றை உயர் அதிர்வெண்ணில் அளந்தால் மின்தேக்குத்திறன் குறைவாகக் காட்டும், இயக்க எண் அதே விகிதத்தில் வீங்கும்.

இனி அம்மோனியா. உங்கள் திட்டப்பணியின் உயிர் இதில்தான் இருக்கிறது, முதல் கேள்வியைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது அந்தப் பக்கத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மலிவான உணரிகளை ஊர் முழுக்க வைக்க முடிந்தால் நல்லதுதான். எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. 300 பங்கு என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. எனவே உங்கள் உணரி 25-க்குக் கீழே தெளிவாகப் பேச வேண்டும்.

அம்மோனியா மூலக்கூறின் நைட்ரஜனில் பிணைப்பில் சேராத ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது. அது படலத்தில் உள்ள துளைகளோடு கூடி அவற்றை அடக்கிவிடும், அல்லது சேனலில் பொறியாக நிற்கும். முதலாவது நடந்தால் துளைகளின் எண்ணிக்கை குறைகிறது. வளைகோடு வடிவம் மாறாமல் பக்கவாட்டில் எதிர்க்குறி மின்னழுத்தத்தை நோக்கி நகரும். இரண்டாவது நடந்தால் சாய்வும் குறையலாம். மூன்றாவதாக, அம்மோனியா தங்கத்தின் ஓரத்தில் இருக்கும் படலத்துக்குள் புகுந்து தொடுமுனையைக் கெடுத்தாலும் சாய்வு மாறும். இந்த மூன்றிலும் மின்னோட்டம் குறையும். ஒரே ஒரு கேட் மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை நேரத்துக்கு எதிராக வரைந்துவிட்டு, இயக்க எண் குறைந்தது என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. வாயு வருவதற்கு முன், இருக்கும்போது, போன பிறகு என்று ஒவ்வொரு முறையும் முழு வளைகோட்டை எடுங்கள். முடிந்தால் வெவ்வேறு சேனல் நீளங்களில் எடுங்கள். வாயுவின் தாக்கம் குறுகிய சேனலில் அதிக சதவீதமாகத் தெரிந்தால் குற்றவாளி தொடுமுனை.

அம்மோனியாவைப் போலவே வேடம் போடும் இன்னொன்றும் உண்டு. கேட்டில் தொடர்ந்து எதிர்க்குறி மின்னழுத்தம் வைத்திருந்தால் துளைகள் மெல்ல மெல்லப் பொறிகளில் அடைபட்டு, தொடக்க மின்னழுத்தம் தானாகவே நகரும், மின்னோட்டம் தானாகவே குறையும். வாயுவே இல்லாமல் இது நடக்கும். எனவே அதே நேர இடைவெளிகளில், அதே மின்னழுத்தங்களில், வெறும் உலர் காற்றை மட்டும் செலுத்தி ஓர் அளவீடு வேண்டும். அது இல்லாத உணரி வரைபடத்தை நான் நம்புவதில்லை. கேட்டைத் தொடர்ந்து வைக்காமல் சில மில்லி வினாடித் துடிப்புகளாகக் கொடுத்தால் இந்த நகர்வு பெரிதும் குறையும். துளை உங்கள் சேனலைக் கடக்க 14 மைக்ரோ வினாடி அளவுதான் ஆகிறது என்பதால் மில்லி வினாடித் துடிப்பு தாராளம். அந்தக் கடக்கும் வேகம் வினாடிக்கு சுமார் 3.6 மீட்டர், மணிக்கு 13 கிலோமீட்டர்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரப்பதம். நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். மதியம் கடற்காற்று ஏறியபின் ஜன்னல் கம்பியில் கை வைத்தாலே உப்புப் பிசுக்கு ஒட்டும். ஆக்சைடின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் குழுக்களில் நீர் ஒட்டிக்கொள்ளும். கேட்டை ஏற்றும்போது ஒரு வளைகோடும் இறக்கும்போது வேறொன்றும் வருவதற்கு அது பெரிய காரணம். போதாக்குறைக்கு அம்மோனியா நீரில் நன்றாகக் கரையும். காலையில் உலர்ந்த அறையில் எடுத்த எண்ணும் மாலையில் கடற்காற்றில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. படலம் பூசுமுன் ஆக்சைடின்மேல் நீரை ஒட்டவிடாத ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன் பூச்சு கொடுங்கள். ஒவ்வொரு அளவீட்டோடும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள். அம்மோனியாவை உலர் காற்றில் ஒரு முறையும், 70 அல்லது 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு முறையும் செலுத்திப் பாருங்கள். எண்ணூரில் உணரி வைக்கப்போவது இரண்டாவது நிலையில்தான்.

ஹால் விளைவு உங்களுக்குத் தேவையில்லை. ரூப்ரீன் படிகத்தில் 2005-இலேயே அதை அளந்து காட்டினார்கள். அங்கே துளைகள் பரவலாக ஓடுகின்றன, இயக்க எண்ணும் பெரியது. 0.035 என்றால் ஒரு டெஸ்லா காந்தப்புலத்திலும் மின்துகள் பாதை விலகுவது பத்து லட்சத்தில் 3.5 பங்குதான். அந்தச் சிறிய மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் சொந்த நகர்விலேயே மூழ்கிவிடும். மேலும், தாவிப் போகும் துளைகளுக்கு ஹால் விளைவின் வழக்கமான பொருள் முழுதாகப் பொருந்துவதில்லை. அந்தக் காசை நான்கு முனை முகமூடித் தகட்டுக்குச் செலவிடுங்கள்.

அறிக்கையில் வர்க்கமூல வளைகோட்டை ஒடிவோடு அப்படியே போடுங்கள். இரண்டு சாய்வுகளையும் குறித்து, முதலாவதன் நம்பக அளவு 9 சதவீதம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நீள மாற்றச் சோதனையில் 0.03-க்கும் 0.04-க்கும் இடையே வந்தால், அதுவே உங்கள் இயக்க எண். வராவிட்டால் அந்தப் புள்ளிகளையும், −1 வோல்ட்டில் எடுத்த வளைகோட்டையும், கேட் கசிவு மின்னோட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கசிவைப் பார்க்காமல் அடுத்த பேச்சு பேச முடியாது.